முதலில் இருக்கிற டப்பாவைக் காலி செய்யுங்கள்

சுற்றுச்சூழலுக்கு உகந்த சருமப் பராமரிப்பு என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல்தான். மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி, துவைத்துப் பயன்படுத்தும் பஞ்சு வட்டு, அதை வைக்க ஒரு துணிப்பை. அலமாரியில் பாதி தீர்ந்து கிடக்கும் க்ரீமைக் குப்பையில் போட்டுவிட்டு இதையெல்லாம் வாங்கி அடுக்கினால் யாருக்கு லாபம்? விற்பவருக்குத்தான். அந்த க்ரீமைத் தயாரிக்கப் போன தண்ணீரும் மின்சாரமும் போனதுதான், தூக்கி எறிவதால் திரும்பி வராது. இருப்பதைத் தீர்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள், அதுவும் தேவைப்பட்டால். டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த ஜாடி போல ஒரு குட்டிப் படம் இருக்கும், அதில் 6 எம், 12 எம் என்று போட்டிருந்தால் திறந்த பிறகு அத்தனை மாதம் வரும் என்று கணக்கு. நாலு சீரத்தை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் நாலுமே தீராமல் கெடும்.

அடுத்தது பம்ப் பாட்டில். காலியான ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அழுத்தும் தலை ஒரு பிளாஸ்டிக், உள்ளே தொங்கும் குழாய் வேறொரு பிளாஸ்டிக், நடுவில் உலோக ஸ்ப்ரிங், பலவற்றில் ஒரு சின்னக் கோலிக்குண்டு வேறு. மறுசுழற்சிக் கூடத்தில் யாரும் உட்கார்ந்து இதைப் பிரிக்கப் போவதில்லை. பாட்டிலின் அடியில் இருக்கும் முக்கோண அம்புக்குறி அது என்ன வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று எந்த உத்தரவாதமும் தரவில்லை. கருப்பு டப்பா என்றால் இன்னும் சிக்கல், அகச்சிவப்பு ஒளியால் தரம் பிரிக்கும் இயந்திரங்களுக்குப் பெரும்பாலான கருப்பு பிளாஸ்டிக் கண்ணிலேயே படாது. அதனால் பம்ப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ரீஃபில் பை வாங்கி அதிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

ஷாம்பூ பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் கட்டி ஷாம்பூவுக்கு மாறச் சொல்கிறார்கள், மாறலாம். ஆனால் பலரும் பேசாத விஷயம் வெந்நீர். ஷாம்பூ மாதிரி கழுவிவிடும் பொருட்களின் கார்பன் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தயாரிப்பையும் பாட்டிலையும் விட நாம் குளிக்கச் சூடாக்கும் தண்ணீர்தான் பெரிய பங்கு. பாட்டிலை மாற்றிவிட்டு ஷவரில் அரை மணி நேரம் நிற்பது எந்த ஊர் நியாயம்?

ஸ்க்ரப்பில் வரும் பிளாஸ்டிக் மணிகளை அமெரிக்கா 2015-இல் சட்டம் போட்டுத் தடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் மைக்ரோபிளாஸ்டிக்குகள், அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள், மொத்தத்தின் மீதும் கட்டுப்பாடு கொண்டுவந்தது, ஆனால் மேக்கப் பொருட்களுக்கு 2035 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. ஆகவே லேபிளைப் படிப்பது இன்னும் நம் வேலைதான். ஸ்க்ரப்பில் பாலிஎத்திலீன், பவுடரில் நைலான்-12 என்று கண்ணில் பட்டால் திருப்பி வைத்துவிடுங்கள், இரண்டும் பிளாஸ்டிக்தான். முகம் துடைக்கும் வைப்ஸ் நிறைய பாலியஸ்டர் கலந்தவை, அதற்கு ஒரு பழைய பருத்தித் துணி போதும்.

சரி, எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம்) 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குப் பக்கம், சமையல் சோடா 8-க்கு மேல். இரண்டுமே சமையலறைப் பொருட்கள்தான், இரண்டுமே முகத்தை எரிச்சலாக்கும். தண்ணீர் சேர்த்துக் கலக்கும் எதிலும் பதப்படுத்தும் பொருள் இல்லாவிட்டால் சில நாளில் கிருமி வளரும்.

சன்ஸ்கிரீனை மட்டும் தயவுசெய்து வீட்டில் கலக்காதீர்கள், அதன் பாதுகாப்பு அளவைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று கருதி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரசாயனங்களான ஆக்ஸிபென்சோன் அல்லது ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் நிறுத்தியது, கடலில் இறங்குபவர்கள் லேபிளில் அந்தப் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டால் பூச வேண்டிய இடமே பாதியாகக் குறையும், ஒரு டியூப் இன்னும் பல நாள் வரும்.