முதலெழுத்தில் சிக்கிய றிப்போட்: அக்காவின் மார்பகப் புற்றுநோய் ஒப்பரேஷனும் அதோடு வந்த ஆய்வும்

அக்காவின் பயொப்சி றிப்போட், அதாவது கட்டியில் எடுத்த சதையின் சோதனை முடிவு, தொலையவே இல்லை. ஆய்வுகூடத்து அலுமாரிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது, அப்பாவின் முதலெழுத்தோடு. கிளினிக் கொப்பியில் இருந்ததோ அத்தானின் முதலெழுத்து. கவுண்டரில் இருந்தவர் கொப்பியை மட்டும் பார்த்து, "இன்னும் வரேல்ல, அடுத்த கிழமை வாங்கோ" என்று திருப்பித் திருப்பி அனுப்பினார். அடையாள அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. விசுவமடுவில் இருட்டோடு பஸ் ஏறி, பரந்தன் சந்தியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று, மார்பில் கட்டியோடு வந்து நிற்கிற ஒரு மனிசிக்குச் சொல்கிற பதிலா அது? இப்ப நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

கட்டி தெரிய வந்தது, அல்ட்ராசவுண்ட் ஸ்கான், மமோகிராம், ஊசியால் சதை எடுத்தது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிரச்சினை அதற்குப் பிறகுதான். ஒப்பரேஷனுக்கு முதலே, "ஒரு ஆய்வு நடக்குது, விருப்பம் எண்டால் சேரலாம்" என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். அந்த ஆய்வில் உதவியாளராக இருந்த பிள்ளைதான் கடைசியில் றிப்போட்டைக் கண்டுபிடித்துத் தந்தவள். அக்காவின் பெயரை அவள் கேட்கவில்லை. சதை எடுத்த அன்று தந்த துண்டில் இருந்த ஆய்வுகூட நம்பரைத்தான் கேட்டாள். அந்த நம்பரோடு உள்ளே போனாள், கொஞ்ச நேரத்தில் கையில் கடதாசியோடு வந்தாள்.

ஆகவே முதல் விசயம் இது. பெயரை நம்பாதீர்கள், நம்பரை வைத்திருங்கள். எங்கள் பக்கத்தில் கலியாணம் செய்த பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, கொப்பியில் இன்னொன்று. இடம்பெயர்வில் கடதாசிகள் போய், திரும்ப எடுத்தபோது இங்கிலீஸ் எழுத்துகளும் மாறிப்போயின. நாங்கள் பிறகு ஜி.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) "இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று ஒரு கடிதமும், ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் சத்தியக்கடதாசியும் எடுத்துக் கொப்பியோடு பின் அடித்து வைத்தோம். அதற்குப் பிறகு எந்தக் கவுண்டரிலும் வாய் திறக்க வேண்டி வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வந்தால், முதல் நாள் கிளினிக்குக்குப் போக முன்னமே இந்த வேலையை முடியுங்கள்.

அந்த றிப்போட் பிந்தினால் என்ன என்று கேட்பீர்கள். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2 என்று மூன்று சோதனை. முதல் இரண்டும் கட்டி ஹோர்மோனால் வளருதா என்று பார்க்க, மூன்றாவது ஹேர்-2 என்ற புரதம் அதில் கூடவா என்று பார்க்க. அதன் முடிவைப் பார்த்துத்தான் முதலில் ஒப்பரேஷனா, முதலில் கீமோவா என்று முடிவெடுப்பார்கள். அக்காவைக் கேட்ட ஆய்வில் முதலில் ஒப்பரேஷன் செய்கிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். கீமோ தொடங்கினால் சேர ஏலாது.

ஆய்வு இதுதான். கட்டியை வெட்டி எடுப்பதற்குச் சில நிமிடம் முன்னர், அதைச் சுற்றி விறைப்பு ஊசி மருந்தைச் செலுத்துவது. பல்லுப் பிடுங்கும்போது போடுகிற அதே லிக்னோகெயின்தான். வெட்டும்போது கட்டி அமுங்கி அசையும். அந்த நேரத்தில் சில புற்றுநோய்க் கலங்கள் நழுவி இரத்தத்தோடு போகக்கூடும், விறைப்பு மருந்து அவற்றின் அசைவைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பது யோசனை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வேயும் மற்றவர்களும் இந்தியாவில் 11 ஆஸ்பத்திரிகளில் 1,600 பெண்களளவில் இதைச் செய்து பார்த்து 2023 இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 86.6 சதவீதம், போடாதவர்களில் 82.6 சதவீதம். விலை குறைந்த மருந்து, எந்தச் சின்னத் தியேட்டரிலும் இருக்கிறது. அதே முடிவு இங்கேயும் வருமா என்று பார்க்கத்தான் எங்களைக் கேட்டார்கள். இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது அந்த உதவியாளர்ப் பிள்ளைதான். ஒரு கடதாசியில் கட்டியை வரைந்து, சுற்றிவர ஊசி போகிற இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டினாள். அக்கா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

றிப்போட் கிடைத்தது என்று பார்த்தால் அடுத்த தடை. சதையைச் சோதிக்கிற நோயியல் மருத்துவர் அந்த ஹோர்மோன் சோதனை முடிவை அப்படியே ஏற்கவில்லை. எடுத்த சதை, அது பழுதாகாமல் வைக்கிற ஃபோமலின் திரவத்துக்குள் குறைந்தது 6 மணித்தியாலம் இருக்கவேண்டும், 72 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் இல்லாவிட்டால் சோதனை பிழையாக வரலாம். அனுப்பிய படிவத்தில் எத்தனை மணிக்கு ஃபோமலினில் போட்டார்கள் என்ற கட்டம் வெறுமையாக இருந்ததாம். நாங்கள் ஒருநாளும் முகம் கண்டிராத அந்த மருத்துவர் ரெலிபோனில் ஆளாளாகப் பிடித்து விசாரித்திருக்கிறார். சதை எடுத்த அன்று நின்ற மிஸ்ஸி (தாதி) தன்னுடைய பதிவுக் கொப்பியில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். அந்த ஒரு வரியால் அக்காவுக்கு இன்னொரு தடவை ஊசி குத்தாமல் தப்பியது. அவர்கள் இருவருக்கும் நேரில் நன்றி சொல்ல எனக்கு வழி கிடைக்கவில்லை. நீங்கள் செய்யக்கூடியது, சதை எடுத்து முடிந்ததும் "நேரம் எழுதியாச்சோ மிஸ்ஸி?" என்று மரியாதையாக ஒரு சொல் கேட்பது. யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இதற்கு நடுவில், காந்தத்தால் படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ. ஸ்கான் கதை வேறு. ஒரு இளம் டொக்டர் எழுதித் தந்துவிட்டார். அக்காவுக்கு 2009 இல், கடைசிச் சண்டையில், மாத்தளனில் பட்ட பீஸ் (ஷெல் துண்டு) ஒன்று இடது தோளுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. ஸ்கான் எடுக்கிற இடத்தில், உடம்பில் இரும்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஓம் என்றதும் கொப்பியைத் திருப்பித் தந்து, "உங்களுக்குச் செய்ய ஏலாது" என்றார்கள். வேறென்ன செய்வது, யாரிடம் போவது என்று ஒரு சொல் இல்லை. அந்த நாள் முழுக்க வீண். அக்கா ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்து அழுதாள். ஷெல்லடியில் தப்பினதும் குற்றமா என்று கேட்டாள்.

மறுபடி கதிரியக்க மருத்துவரிடம் போனபோது அவர் பழைய எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு எம்.ஆர்.ஐ. தேவையே இல்லையம்மா, நான் திரும்ப ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாக்கிறன்" என்று தானே செய்து, கக்கத்துக்குள்ளும் பார்த்து, கையோடு எழுதித் தந்தார். வன்னியில் பீஸ் இல்லாத குடும்பம் குறைவு. எந்த ஸ்கானுக்கும் எழுத முன்னரே அதைச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்றே படம் வீட்டில் கிடந்தால், அது எவ்வளவு கசங்கியிருந்தாலும் கொண்டு போங்கள்.

சம்மதப் படிவத்துக்கு வருகிறேன். இதில்தான் வீட்டில் பெரிய சண்டை. "எங்கட சனத்தில வைச்சுத்தான் எல்லாத்தையும் சோதிச்சுப் பாக்கினம், கையெழுத்துப் போடாத" என்று பெரியம்மா ஒரே பிடியாக நின்றா. அவவில் பிழை சொல்லமாட்டேன். எத்தனையோ தரம் எத்தனையோ படிவங்களில் என்ன ஏதென்று தெரியாமல் கையெழுத்து வைத்த சனம் நாங்கள்.

முதலில் தந்தது இங்கிலீஸ் படிவம். தமிழில் வேண்டும் என்றேன். "வாசிச்சுச் சொல்லுறம்தானே" என்றார் வாட்டில் நின்ற ஒருவர். விடவில்லை. ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற நெறிமுறைக் குழு, பங்குபற்றுகிறவர்களுக்கு விளங்குகிற மொழியில் படிவம் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கும். தமிழ்ப் படிவம் இருந்தே தீரும் என்று நின்றேன். இருந்தது. அச்சடித்து ஒரு அலுமாரியில் கிடந்தது. எடுத்துத் தர ஆள் இல்லாததுதான் குறை.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பிழைநேராமல் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சேராவிட்டாலும் அதே வைத்தியம் கிடைக்கும். சேர்ந்த பிறகும் எப்பவும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஏதும் முறைப்பாடு என்றால் ஆய்வு செய்கிறவர்களை அல்ல, நெறிமுறைக் குழுவை நேராகக் கூப்பிட ஒரு நம்பர். இலங்கை மருத்துவ ஆய்வுகள் பதிவேட்டின் இலக்கமும் இருந்தது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் 2006 இல் தொடங்கிய பதிவேடு அது. இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். மருமகன் ரெலிபோனில் தேடிக் காட்டினான். அதே தலைப்பு, அதே நிபுணரின் பெயர். பெரியம்மா அதைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்காமல் இருந்தா. உங்களிடம் தருகிற படிவத்தில் இந்த இலக்கமும் அந்தத் தொலைபேசி நம்பரும் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

கையெழுத்து அக்காவுடையது. அவள்தான் போட்டாள், யாரும் கையைப் பிடிக்கவில்லை.

கிழமைக்கு ஒருதரம் சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், நோயியல் மருத்துவர் எல்லாரும் ஒரு மேசையில் கூடி ஒவ்வொரு நோயாளியின் விசயத்தையும் பேசுவார்கள். ஒரு கடதாசி குறைந்தாலும் பெயர் அடுத்த கிழமைக்குப் போய்விடும். கூட்டத்துக்கு முதல்நாள் அந்த உதவியாளருக்கு அழைத்து எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன். சேர்ந்திருந்தது. முதலில் ஒப்பரேஷன் என்று முடிவானது.

மயக்க மருந்து வைத்தியரைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. கொப்பியில் இருந்த நிறையை அவர் ஏற்கவில்லை. "இது எப்ப நிறுத்தது?" என்று கேட்டுத் தானே தராசில் ஏற்றினார். அக்கா நன்றாக மெலிந்து போயிருந்தாள். லிக்னோகெயின் கிலோவுக்கு 4.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஐம்பது கிலோ ஆளுக்கு 225 மில்லிகிராம்தான் எல்லை, கூடினால் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து. ஆய்வில் ஊசி போடுகிற பக்கம், போடாத பக்கம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள்; போடுகிற பக்கத்துக்கு விழுந்தாலும் விழாவிட்டாலும் கணக்குச் சரியாக இருக்கவேண்டும் என்றார். முன்னம் பல்லுப் பிடுங்கினபோது ஊசி ஒத்துவந்ததா, பிறசர் குளிசை என்ன நிறத்தில் இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டார். அத்தனை மாதத்தில் அக்காவைப் பார்த்து, "பயப்பிடுறீங்களோ?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்பதைக் கணினிதான் சொல்லும். நிபுணருக்கும் அதில் கை இல்லை. அவர் விரும்பினவர்களுக்குப் போட்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஏலாது. அக்கா ஊசி இல்லாத பக்கம் விழுந்தாள். ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்ட கேள்வி, "அப்ப என்னத்துக்கு இவ்வளவு அலைஞ்சனீங்கள்?" எனக்கும் அன்று மனம் விட்டுப்போனது உண்மை. அக்காதான் சொன்னாள்: "போடாத ஆக்கள் இல்லாட்டி, போட்டது நல்லதோ எண்டு எப்படிப் பாக்கிறது? என்ர கணக்கும் அதுக்குள்ள இருக்குத்தானே."

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. காயத்து நீர் வடிகிற குழாய்ப் போத்தலோடு சில நாள், பிறகு வீடு. கக்கத்தில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை. ஒப்பரேஷனுக்கு மறுநாளே உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கட்டிலுக்கு வந்து, சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியைக் காட்டித் தந்தார். அந்தப் பயிற்சியை விடாதீர்கள், தோள் இறுகினால் பிறகு இளக்குவது பாடு. ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிறசர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ வருகிறவர்களுக்கு மற்றக் கையை நீட்டுங்கள்.

ஆய்வுக்காரர் இனி வருடக்கணக்காக அக்காவைப் பார்ப்பார்கள். அதற்குத் தனியாக வரச் சொன்னார்கள். விசுவமடுவில் இருந்து அதற்கென்று ஒரு பயணம், ஒரு நாள் கூலி போகும், கிளினிக் நாளிலேயே வையுங்கள் என்று கேட்டேன். முதலில் தயங்கினார்கள், பிறகு ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டரிடம் கேட்டு மாற்றித் தந்தார்கள், பஸ் காசும் தருவதாக எழுதினார்கள். தூரத்தில் இருந்து போகிறவர்கள் இதைக் கையெழுத்து வைக்க முதலே கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.