பதின்மூன்றாம் சேனல்

கரண்ட் போய் வந்தால் சில நாள் என் லேப்டாப்பில் மட்டும் எங்கள் வீட்டு வைஃபை தெரியாது. மகளின் போனில் அதே வைஃபை நன்றாக ஓடும். அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் என் பட்டியலில் வரிசையாக நிற்கும், எங்கள் பெயர் மட்டும் இருக்காது.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். மெயில் வராவிட்டால் அன்றைய வேலையே நின்றுவிடும். லேப்டாப், அத்தான் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பழையதுதான். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்ட பிறகு அருமையாக ஓடுகிறது.

முதலில், வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சந்தேகப்பட்டேன். கட்டளை தட்டும் டெர்மினலில், வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கொடுத்தேன், எந்தத் தடையும் இல்லை. லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டுகளைக் காட்டும் 'எல்எஸ்பிசிஐ' பட்டியலில் வைஃபை கார்டும் இருந்தது, டிரைவரும் ஏறியிருந்தது. 'மோட்ப்ரோப்' கொண்டு டிரைவரை இறக்கி ஏற்றியே இரண்டு ராத்திரி போயிற்று.

அப்புறம்தான் தினசரி காலண்டர் தாளில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். வைஃபை காணாமல் போன நாளெல்லாம் கரண்ட் போன நாள். அதாவது, ரூட்டர் அணைந்து மறுபடி எழுந்த நாள். எழும்போது அது என்ன மாற்றிக்கொள்கிறது? மகளின் போனில், வைஃபை எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசையில், ஓடுகிறது என்று காட்டும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தோம். "அம்மா, நம்மளுது 13-ல இருக்கு" என்றாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் 1, 6, 11.

லேப்டாப்பில், கார்டு எந்தெந்தச் சேனலில் ஓடும் என்று காட்டும் 'ஐடபிள்யூ லிஸ்ட்' கொடுத்தேன். நீளமாக ஓடிய பட்டியலில் 2467, 2472 மெகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் எதிரே 'டிஸேபிள்டு', அதாவது முடக்கப்பட்டது, என்று இருந்தது. அவைதான் 12, 13-ஆம் சேனல்கள். எந்த நாட்டு விதி நடப்பில் இருக்கிறது என்று காட்டும் 'ஐடபிள்யூ ரெக் கெட்' கொடுத்தால் நாடு 'யூஎஸ்' என்றது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அமெரிக்காவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 சேனல்தான் புழக்கம், இந்தியாவில் 13. அங்கே விற்ற கார்டு அந்த ஊர் விதியோடு வந்திருக்கிறது. ரூட்டரோ 'ஆட்டோ'வில் இருந்தது, எழும்போதெல்லாம் நெரிசல் குறைந்த சேனலைத் தேடிப் போகும். 13 காலியாக இருந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடும். என் கார்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

'ஐடபிள்யூ ரெக் செட்' கொடுத்து நாட்டை இந்தியாவாக மாற்றிப் பார்த்தேன். 12, 13 திறக்கவில்லை. கார்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் விதியை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தளர்த்தாது. கார்டு வேறு என்றால் இந்தக் கட்டளையே போதுமாக இருக்கலாம், செய்து பாருங்கள்.

சரி, ரூட்டரையே மாற்றிவிடலாம் என்று மகளின் போனிலிருந்து ரூட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1-க்குள் போனேன். சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 11-இல் நிறுத்தினேன். 6-இல் ஏற்கெனவே நான்கு வீடு இருக்கிறது, 11-இல் ஒன்றுதான்.

கரண்ட் போகும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. நானே ரூட்டர் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் பெயர் வந்தது. அன்று ராத்திரியே நிலுவையில் இருந்த இரண்டு அத்தியாயங்களையும் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.