நாலு மணிக்குப் போட வேண்டிய டிக், மூன்றரைக்கே போடப்பட்டிருந்தது

அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தது ஒரே நாளில் முடிந்துவிட்டது. படிவம், கையெழுத்து, அறை எல்லாம் சுலபம். பட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூன்றாவது வாரம் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடும்போது நானும் கூட நின்றேன். அடிமுதுகில், வால் எலும்புக்கு நேர் மேலே, ஒரு இடம் மட்டும் கைக்குச் சூடாகவும் கெட்டியாகவும் பட்டது. படுக்கைப்புண் என்றால் முதலில் சிவக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மாவின் கறுத்த தோலில் சிவப்பும் தெரியவில்லை, வெளுப்பும் தெரியவில்லை. சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் கருமை, அவ்வளவுதான். டியூட்டியில் இருந்தவரிடம் காட்டினேன். "வயசான தோல் அப்படித்தான் மேடம், பவுடர் போட்டா சரியாயிடும்" என்றார். நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் அந்த இடத்தில் தோல் பிய்ந்து உள்சதை தெரிந்தது. சிவப்பு தெரியாத தோலில் கண்ணை நம்பாதீர்கள், கையால் தொட்டுப் பாருங்கள். குதிகால், இடுப்பு எலும்பு, தோள்பட்டை என்று எலும்பு துருத்தும் எந்த இடத்தையும் விடாதீர்கள்.

தானாகப் புரள முடியாதவர்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்துக் குறித்து வைக்க வேண்டும். அந்தப் பதிவைத்தான் கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் எழுத்தில் கேட்கச் சொன்னார். எழுதிக்கொண்டு போனால் மேலாளர் விடுப்பு. இரண்டாவது முறை, அம்மாவின் கையெழுத்தும் நான் மகள் என்பதற்கு ஆதாரமும் வேண்டும் என்றார்கள், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நடுங்கும் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்றாவது முறை போனேன். கோப்பு வார்டில் இருக்கிறது என்றார். வார்டில் கேட்டால் அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் தோன்றியது, பழைய கோப்பை எதற்குத் துரத்துகிறேன், இன்றைய தாள் எங்கே இருக்கிறது என்று. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையிலேயே இருந்தது. அப்போது மணி மூன்றரை. தாளில் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் ஏற்கெனவே டிக் போட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இரண்டு மணிக் கட்டத்தில் 'வலது பக்கம்' என்று இருந்தது. ஆனால் ஒரு மணிக்கு நான் வந்தபோது மல்லாந்து படுத்திருந்த அம்மா மூன்றரைக்கும் அப்படியேதான் படுத்திருந்தார், நடுவில் யாரும் வரவே இல்லை. அம்மாவின் தாளை மட்டும், நேரம் பதிவாகும்படி போட்டோ எடுத்துக்கொண்டேன். அதனால் சொல்கிறேன், கோப்பின் நகலுக்காக அலையும் முன் கட்டிலருகே இருக்கும் அன்றைய தாளைப் பாருங்கள், கடிகாரத்தையும் ஆள் படுத்திருக்கும் விதத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே அட்டையில் இன்னும் இரண்டு விஷயம் கிடைத்தது. 1987 முதல் பிரேடன் அளவுகோல் என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது, படுக்கைப்புண் வரும் ஆபத்தைக் கணக்கிடுவதற்கு. 6 முதல் 23 வரை மதிப்பெண், 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து, குறையக் குறைய இன்னும் அதிகம். அம்மாவுக்கான பக்கத்தில் பெயர் மட்டும்தான் இருந்தது. எடைப் பதிவில் ஒரு மாதத்தில் 52 கிலோ 49 ஆகியிருந்தது. ஒரே மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே உடனே கவனிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் எழுதியது ஒரே கைதான், எழுதியவருக்கு அது உறைக்கவில்லை.

பெரிய அடி வேறொன்று. அம்மாவுக்குப் பார்கின்சன், கை நடுங்கி உடம்பு இறுகும் நரம்பு நோய். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு பக்கம், இல்லத்துக் கோப்பில் முதல் பக்கம் மட்டுமே இருந்தது. அதற்கான லெவோடோபா மாத்திரையை எந்தெந்த மணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாம் பக்கத்தில். ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுக்க வேண்டியதை, எல்லோருக்கும் மாத்திரை வண்டி வரும்போது மூன்று வேளையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரை தாமதமானால் உடம்பு கட்டை போல இறுகிவிடும். அதுவரை ராத்திரியில் தானாகவே புரண்டு படுத்த அம்மா புரள முடியாமல் போனது அதனால்தான். போதாக்குறைக்கு, மெதுவாகக் கரைய வேண்டிய ராத்திரி மாத்திரையை விழுங்க வசதியாக இருக்கட்டும் என்று பொடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பொடிக்கவே கூடாது. இரண்டு பக்கத்தையும் நான் கொடுத்தேன், ஆனால் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கவில்லை. எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதி, போட்டோவையும் சேர்த்து, தலைமை நர்ஸிடம் நேராகப் போய்க் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார், ஒரு வார்த்தை மறுக்கவில்லை. என் எதிரிலேயே அம்மாவைப் பரிசோதித்துப் பிரேடன் மதிப்பெண் போட்டார். 13. மறுநாளே ஏர் பெட் வந்தது, மாத்திரைக்குத் தனி அலாரம் வைத்தார்கள். இந்த ஒரு ஆளை முதல் வாரமே பார்த்திருந்தால் என்று இன்னமும் மனது அடித்துக்கொள்கிறது.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏர் பெட் வந்துவிட்டால் திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தலாம் என்று அர்த்தமில்லை. குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்க வேண்டும். வளையம் போல நடுவில் ஓட்டையுள்ள மெத்தை வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத்தான் கெடுக்கும். நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துவிடுவதும் தப்பு, அதை நான் பாசத்தில் பத்து நாள் செய்திருக்கிறேன்.

புண்ணை இப்போது வாரம் ஒருமுறை அளந்து எழுதுகிறார்கள். நாலு சென்டிமீட்டர் இருந்தது இரண்டரைக்கு வந்திருக்கிறது. நேற்று போனபோது அம்மா இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாலு மணிக்கு 'இடது' என்று இருந்தது. அப்போது மணி 5:20. ஆறு மணிக் கட்டம் காலியாக இருந்தது.