சண்டைக்கு நடுவே அரை மணி நேரம்

கோபம் தலைக்கேறும்போது இப்போதே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று தோன்றும். தீராது. தம்பதிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாகக் காதில் ஏறாது என்கிறார். உடம்பு அடங்க 20 நிமிடமாவது வேண்டுமாம்.

குரல் உயர்ந்ததும் என் மனைவி, "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்ங்க" என்பாள். சரி என்று நான் உள்ளே போய்த் துணி மடிப்பேன். அப்போதும் மனசுக்குள் வாதாடிக்கொண்டே இருந்தால் பயனில்லை. சட்டைக் காலரை நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதில்தான் கவனம் நிற்க வேண்டும்.

ஆனால் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் எழுந்து போவது சண்டையைவிட வலிக்கும். அப்புறம், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும்.