இரண்டு ஹெக்டேர்

காட்டுயிர் வாழிடங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஒரு காட்டுக்குள் சாலையோ மின்பாதையோ வரப்போகிறது என்றால், எவ்வளவு காடு போகும் என்று கணக்கிட்டு அட்டவணையை நிரப்பித் தர வேண்டும். பல ஆண்டுகள் அதில் ‘இழப்பு’ என்ற ஒரே ஒரு பத்தியைத்தான் நிரப்பினேன். சாலையின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் முடிந்தது கணக்கு. பெரும்பாலும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. படிப்பவர்களுக்கு நிம்மதி, எனக்கும்தான்.

அப்படி நான் கணக்குப் போட்டுக் கொடுத்த ஒரு சாலையைச் சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கப் போனேன். உடன் வந்த மூத்த களப் பணியாளர் சாலையோரமாகக் குனிந்து ஒரு கை சருகை அள்ளி நசுக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு என்னைக் காட்டுக்குள் வெகுதூரம் அழைத்துப்போய் அதேபோல் அள்ளச் சொன்னார். உள்ளங்கை ஈரமானது. “சாலை போட்ட அன்றைக்கு அங்கேயும் இப்படித்தான் இருந்தது தம்பி” என்றார். திரும்பும்போதுதான் மற்றவை கண்ணில் பட்டன. ஓரத்துப் பெருமரங்கள் காற்றில் சாய்ந்து கிடந்தன. வெயில் விழுந்த இடமெல்லாம் களைக்கொடி ஏறியிருந்தது.

அன்று இரவு ஒரு காகிதத்தில் கணக்கை மறுபடி போட்டேன். ஒரு கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட சதுரக் காடு, அதாவது 100 ஹெக்டேர். விளிம்பின் காற்றும் வெயிலும் நூறு மீட்டர் உள்ளே போகும் என்று வைத்துக்கொண்டால் (அதைவிட ஆழமாகப் போவதும் உண்டு), தொந்தரவில்லாத உட்காடு 64 ஹெக்டேர். நடுவில் 20 மீட்டர் அகலச் சாலை ஒன்றைப் போடுங்கள். சாலை எடுத்துக்கொள்வது இரண்டே ஹெக்டேர். ஆனால் உட்காடு 46.4 ஹெக்டேராகச் சுருங்கிவிடுகிறது. என் அட்டவணை 2 என்றது. காடு இழந்ததோ பதினேழரைக்கு மேல். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. இத்தனை ஆண்டுகள் நான் போடவில்லை.

யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை இது. பிரேசிலில் மனாஸ் நகருக்கு வடக்கே உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979இல் தொடங்கிய ஆய்வில், 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளைச் சுற்றிலும் மேய்ச்சல் நிலம் சூழ விட்டுவிட்டுக் கவனித்தார்கள். படை எறும்புகளின் பின்னாலேயே போய், அவை கிளப்பிவிடும் பூச்சிகளைத் தின்று வாழும் பறவைகள் சிறிய துண்டுகளிலிருந்து சீக்கிரமே காணாமல் போயின. அங்கே பெருமரங்களின் நிழலில், காட்டின் கீழடுக்கில் வாழும் பறவைகள் பலவற்றுக்கு எண்பது மீட்டர் வெட்டவெளியே கடக்க முடியாத கடல். இறக்கை இருந்தும்!

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையின் மேலும் கீழும் விலங்குகளுக்கென்றே பாதை அமைத்திருக்கிறார்கள். கிரிஸ்லி கரடி அகன்ற மேம்பாலத்தை விரும்புகிறது. கருங்கரடியும் பூமாவும் ஒடுங்கிய கீழ்ப்பாதையைத் தேடுகின்றன. அவை பழகிக்கொள்ளவே ஆண்டுகள் ஆயின. மேம்பாலம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் சாலையின் அடியில் இருந்தது ஒரு சிறுபாலம். அதன் குழாய் வாய் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கியது. “தண்ணீர் போகத்தானே சார் இது?” என்றார் பொறியாளர். தவறில்லை, அவரிடம் வேறெதுவும் யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

கற்களை அடுக்கிச் சரிவு அமைத்தோம். குழாய்க்குள் ஓரமாக, தண்ணீருக்கு மேலே ஒரு பலகைத் திட்டு. வாயருகே தானியங்கிக் கேமரா. முதல் சில வாரங்கள் எலிகளும், காற்றில் பறந்த இலைகளும், மின்கலம் மாற்றப்போன என் கால்களும்தான் பதிவாயின. பிறகு ஓர் இரவு முள்ளம்பன்றி ஒன்று வந்தது. சரிவின் அடியில் நின்று கற்களை முகர்ந்தது, ஏறியது, திரும்பிப் போய்விட்டது. நான்காம் நாள் மறுபடி வந்தது. அன்றைய கடைசிப் படத்தில் குழாய்க்குள் மறையும் முட்கள் மட்டும் தெரிகின்றன.

மறுபக்க வாயில் கேமரா வைக்கவில்லை. அடுத்த மாதம் கேட்டு வாங்க வேண்டும்.