பரோல் மீறல்: அந்த முதல் விசாரணையை விட்டுக்கொடுக்காதீர்கள்

நம்மூரில் பரோல் என்றால் சாவு, கல்யாணம் என்று கைதி சில நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்புவது. அமெரிக்காவில் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுவித்து, மீதிக் காலத்தை வெளியில் வேலை பார்த்துக்கொண்டு, நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டுக் கழிக்கச் சொல்வார்கள். நிபந்தனையை மீறியதாகப் பரோல் அதிகாரி சொன்னால் மறுபடி சிறைதான். ஒரு காலத்தில் அவர் எழுதித் தரும் அறிக்கை ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அயோவா மாநிலத்தில் மோரிஸ்ஸி என்பவருக்கு அதுதான் நடந்தது. செக் மோசடி வழக்கில் தண்டனை பெற்று, 1968 ஜூனில் பரோலில் வந்தவர். வேறு பெயரில் கார் வாங்கினார், சின்ன விபத்துக்குப் பிறகு போலீஸிடம் முகவரியைத் தவறாகச் சொன்னார் என்றெல்லாம் குற்றச்சாட்டு. ஏழே மாதத்தில் பிடித்தார்கள், அறிக்கையைப் படித்த பரோல் வாரியம் பரோலை ரத்து செய்தது, வீட்டிலிருந்து 100 மைல் தள்ளியிருந்த சிறைக்கு அனுப்பிவிட்டது. உன் பக்கம் என்ன என்று யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1972 ஜூனில் தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பு எழுதினார். இனி இரண்டு விசாரணை வேண்டும் என்றார். இரண்டாவதில்தான் பரோலை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவாகும், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது முதலாவது. கைதான இடத்துக்கோ மீறல் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கோ பக்கத்திலேயே, சாட்சிகளுக்கு எல்லாம் நினைவில் இருக்கும்போதே அதை நடத்த வேண்டும். மீறல் நடந்ததாக நம்ப முகாந்திரம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான் அங்கே. என்ன குற்றச்சாட்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் பேசலாம், முதலாளியின் கடிதம், வாடகை ரசீது, தெரிந்தவர்கள் என்று எதையும் யாரையும் கொண்டுவரலாம், தனக்கு எதிராகத் தகவல் தந்தவரைக் கேள்வியும் கேட்கலாம். தகவல் தந்தவருக்கு ஆபத்து என்று விசாரிப்பவர் கருதினால் மட்டும் அது கிடையாது. முகாந்திரம் இல்லை என்றால் அந்தக் குற்றச்சாட்டில் அவரைப் பிடித்து வைக்க முடியாது.

விசாரிப்பவர் நீதிபதியாக இருக்கத் தேவையில்லை, அந்த வழக்கில் சம்பந்தப்படாத இன்னொரு பரோல் அதிகாரியே போதும் என்று விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரே அலுவலகத்தில் தினமும் முகம் பார்க்கிற சக ஊழியர் எழுதியதைத் தப்பு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வக்கீலும் எல்லோருக்கும் கட்டாயமில்லை, வழக்கைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று 1973இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. நியூயார்க் 2021இல் கொண்டுவந்த சட்டம் இந்த விசாரணையில் வக்கீல் உரிமையைத் தந்தது, அதுவரை ஒருவரைப் பிடித்து வைப்பதா என்று முடிவு செய்வதை உள்ளூர் குற்றவியல் நீதிமன்றத்திடம் விட்டது. அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இந்த விசாரணை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் பல மாநிலங்களில் வழி உண்டு. உள்ளே பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர் சீக்கிரம் முடிந்தால் சரி என்று போட்டுவிடுவார். போட்டுவிட்டால் இரண்டாவது விசாரணை வரும்வரை பெரும்பாலும் உள்ளேதான், அதற்கு இரண்டு மாதம் ஆனாலும் தாமதமில்லை என்று அதே 1972 தீர்ப்பு சொல்கிறது. தினக்கூலி வேலையும் வாடகை வீடும் அதுவரை யாருக்காகக் காத்திருக்கும்? உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நிலைமை வந்தால், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.