மாமா தோப்புப் பலா, எங்கள் கூடத்துச் சுவரில்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். கூடத்துச் சுவருக்கு மரப்பலகை அடிக்கலாம் என்றதும் ஆசாரி முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ஓதம் இருக்கு தம்பி. இதச் சரி பண்ணாம அடிச்சா பலகை பூசணம் பூத்துடும்." சரி என்று பொரிந்த பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம்.

பலகை கடையில் வாங்கியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயலில், பண்ருட்டிப் பக்கம் மாமா தோப்பில் சாய்ந்த பலா. அறுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். இழைப்புளி ஓட ஓட மஞ்சள் பளிச்சென்று வந்தது. சுருள் சுருளாக விழுந்த சீவலை அம்மா அள்ளி முகர்ந்து பார்த்தார். வெளிச்சம் பட்டு இப்போது தேன் நிறம், இன்னும் கருக்கும்.

சுவரில் நேராக அறையக் கூடாது. முக்கால் அங்குல ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம், அடித்து அதன்மேல்தான் பலகை. மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டோம். கரையான் மருந்தைப் பின்பக்கமும் பூச வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உப்புக்காற்றில் இரும்பாணி துருவேறிப் பலகையில் கறை இறக்கும். அதனால் எல்லாமே எவர்சில்வர் திருகாணி.

மாமா வந்தால் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, பலகைமேல் கைவைத்தபடியே பேசுகிறார்.